கும்மிடிப்பூண்டியில் ஃபோர்ட்ரான்

சிங்கப்பூரில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பவர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டம் ஒரு விரல்நகம் அளவுதான். எனக்கு அறை திருவள்ளூரில், வேலை கும்மிடிப்பூண்டியில். ஒரே மாவட்டம் என்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்று எங்கள் அலுவலகத்தில் முடிவு செய்துவிட்டார்கள். முதல் நாள் காலை ரயில் நிலையத்தில் விசாரித்தபோதுதான் நேர் ரயில் கிடையாது என்று தெரிந்தது. சென்னைப் பக்கம் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு தடத்தில் மறுபடியும் வடக்கே வர வேண்டும். எங்கள் தீவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடக்கும் நேரத்தில் நான் இன்னும் பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்தில் கொய்யாக் கூடையோடு நின்ற அம்மாள் மூன்று கேள்விகள் கேட்டார்: எந்த ஊர், என்ன சம்பளம், ஏன் தனியாக வந்தேன். சிங்கப்பூர் ரயிலில் இருபது ஆண்டுகளாக யாரும் என்னிடம் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. முதலாவதற்கு மட்டும் பதில் சொன்னேன். "அவ்ளோ தூரத்துல இருந்து கும்மிடிப்பூண்டிக்கா?" என்றார். அவர் குரலில் இருந்தது வியப்பு அல்ல, அனுதாபம்.

நான் ஒரு தொழில்நுட்ப மாத இதழுக்கு எழுதுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழி இன்றும் தேவையா என்பது ஆசிரியர் கொடுத்த கேள்வி. விடையும் அவரிடமே இருந்தது. ஓர் இரங்கல் குறிப்பைத்தான் எதிர்பார்த்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பு ஆலை, இருபது ஆண்டுகளாக ஓடிவந்த ஃபோர்ட்ரான் நிரலைத் தூக்கிவிட்டு அந்த வாரம் புதிய நிரலைப் பொருத்துகிறது என்று தகவல் வந்தது. பொருத்தும் சென்னை நிறுவனத்தின் பொறியாளர் பிரகாஷ்தான் எங்களை அழைத்திருந்தார். நாற்பது வயது, தேய்த்த சட்டை, தன் வேலை மீது நியாயமான பெருமை.

ஆலையில் கல் உடைக்கும் இயந்திரங்களுக்கான, பல் வைத்த உருக்குப் பலகைகளை வார்க்கிறார்கள். அரை டன் மின் உலை. ஒவ்வொரு முறை உருக்குவதற்கு முன்பும் கணினி அறையிலிருந்து ஒரு சீட்டு உலைக்குப் போகும். தேய்ந்த பலகைகள் கலந்த, ஏற்கெனவே கொஞ்சம் மேங்கனீஸ் உள்ள பழைய இரும்பு எத்தனை கிலோ, மேங்கனீஸ் கலவை எத்தனை கிலோ என்று அதில் இருக்கும். உருக்கில் மேங்கனீஸ் நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினான்குக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் பலகை தேயும். கூடினால் வாங்குகிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தச் சீட்டை அச்சடிப்பதுதான் ஃபோர்ட்ரானின் வேலை.

ஃபோர்ட்ரானைப் பார்த்துக்கொள்பவர் ஷமீமா. பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அங்கிருந்து பொன்னேரி வரை பேருந்து, பிறகு ரயில். பதினோரு ஆண்டுகளாக இதே நாற்காலி. மேசை மீது ஒரு கடிதம் விரித்தபடி கிடந்தது. மூன்று நாள் சோதனையில் புதிய நிரல் தேறினால், அடுத்த மாதம் முதல் அவருடைய பதவி கிடையாது. திருவள்ளூர்க் கிடங்கில் நுழைவுச் சீட்டு எழுதும் வேலைக்கு மாற்றம். பழவேற்காட்டிலிருந்து திருவள்ளூருக்குத் தினமும் போய்வருவது எப்படி என்று எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. அன்று காலைதான் அதில் பாதியைப் பயணம் செய்திருந்தேன்.

"படிச்சுக்கங்க சார், ரகசியம் ஒண்ணும் இல்ல. ஆனா நான் போறதா இருந்தா புது புரோகிராம் தேறினப்புறம்தான் போகணும். அது தேறாம நான் போகக் கூடாது" என்றார்.

முதல் நாள் புதிய நிரலின் சீட்டில் இரண்டு முறை உருக்கினார்கள். உலைக்காரர் ஏகாம்பரம். புதுவாயலுக்குப் பக்கத்துக் கிராமம், சொந்தமாக மூன்று ஏக்கர் நெல். அன்று அவர் நிலத்தில் நடவு. இவர் இங்கே நிற்க வேண்டியிருந்ததால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரகாஷ் நீட்டிய சீட்டை வாங்கி, "வா நைனா, உன் கம்ப்யூட்டர் இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

முதல் உருக்கின் மாதிரி வில்லையைச் சோதனை அறையில் வைத்துப் பார்த்தபோது 14.6. இரண்டாவது 14.5. உலை விளிம்பு வரை நிறைந்திருந்ததால் இரும்பு சேர்த்து நீர்க்கச் செய்யவும் இடமில்லை. இரண்டையும் பலகையாக வார்க்காமல் கட்டியாக ஊற்றிவிட்டார்கள். பிரகாஷ் பழைய இரும்பின் தரம் சரியில்லை என்றார். ஆலைக்காரர்கள் நிரல் சரியில்லை என்றார்கள். ஆலை மேலாளர் ராகவன் இரண்டையும் கேட்டுவிட்டு, ஷமீமாவின் சீட்டில் ஒன்று உருக்கச் சொன்னார். 13.1.

"பழசே இருக்கட்டும்" என்று ராகவன் எழுந்துவிட்டார். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று பிரகாஷ் வாதாடிப் பார்த்தார்.

என் கட்டுரை தலைகீழாகிவிட்டது. செத்ததாக நினைத்தது உயிரோடிருக்கிறது என்பது இன்னும் நல்ல செய்தி. ஷமீமாவுக்கு வாழ்த்துச் சொன்னேன். அவர் இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடையதில் மேங்கனீஸ் கலவை 48 கிலோ. பிரகாஷுடையதில் 58.

"ரெண்டும் ஒரே சூத்திரம் சார். என் புரோகிராமைப் பாத்துத்தான் வரிக்கு வரி அவங்க எழுதினாங்க. அப்புறம் எப்படிப் பத்து கிலோ வித்தியாசம் வரும்?" என்றார்.

இரண்டாம் நாள் ரயிலைத் தவிர்த்துப் பேருந்தில் கிளம்பினேன். பெரியபாளையம் வழியாகப் புதுவாயல் போனால் பாதி நேரம்தான் என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். பெரியபாளையத்தில் மாறிய வண்டி இந்தப் பக்கத்துச் சின்ன ஆரணியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "இன்னா சார், உங்க ஊர்ல பஸ்ஸு நிக்கவே நிக்காதா?" என்றார். நிற்காது என்று சொல்ல மனம் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, பால் ஏற்றிவந்த வேனில் நாலு பேராக நெருக்கி உட்கார்ந்து புதுவாயல் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே நாஷ்டா. இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். சிங்கப்பூரில் எங்கள் தேக்கா சந்தையில் கிடைக்கும் வடகறி இதன் தூரத்து உறவுகூட இல்லை. எதிர் பெஞ்சில் ஆந்திர லாரி ஓட்டுநர்கள் இருவர் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: அவர்களுடைய வண்டியில் மூன்றாவது கியரில் மட்டும் ஒரு சத்தம் வருமாம். புதிதாக வந்த மெக்கானிக் அதைச் சரிசெய்துவிட்டானாம். இப்போது எந்த கியரில் போகிறோம் என்றே தெரியவில்லையாம். "பேஜாரு ஆயிடுச்சுன்றான்" என்று முடித்தார். இரண்டாவது தடவையும் வடகறி ஊற்றினார், கேட்காமலே.

நான் ஆலைக்குள் நுழைந்தபோது ஷமீமா மூன்று தாள்கள் நிறையக் கையால் கணக்குப் போட்டு முடித்திருந்தார். முகம் இறுகியிருந்தது. அவருடைய நிரலில் எழுதியிருக்கும் சூத்திரத்தை அப்படியே காகிதத்தில் போட்டால் 48 வரவில்லை. பிரகாஷின் 58 வருகிறது. அதாவது தவறான விடை சொல்வது பழைய நிரல். ஆனால் தவறான விடையில்தான் சரியான உருக்கு வருகிறது.

"அப்ப மிச்சம் பத்து கிலோ எங்கிருந்தோ வருது சார். வாங்க" என்று எழுந்தார். பதினோரு ஆண்டுகளில் அவர் உலை மேடைக்கு ஏறியது ஐந்தாறு முறைதான் இருக்கும் என்று படியேறும்போது சொன்னார்.

மேடையில் எனக்கு ஒரு தலைக்கவசம் கொடுத்தார்கள். சிங்கப்பூர் ஆலையாக இருந்தால் உடுப்பு, கண்ணாடி, கையெழுத்து, அரை மணி நேர விளக்கப் படம் எல்லாம் முடிந்துதான் படியில் கால் வைக்க முடியும். ஒவ்வொரு வேலைக்கும் எழுதி மாட்டிய பலகை உண்டு. இங்கே பலகையில் இருந்தது ஒரே வரி: எச்சில் துப்பாதீர்.

ஏகாம்பரம் சீட்டைப் பார்த்துக் கலவையை எடைபோட்டு உலையில் கொட்டினார். பிறகு சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஷமீமா நகரவில்லை. சற்று நேரம் கழித்து, உருக்கு வெளுத்து வரும்போது, ஏகாம்பரம் மேங்கனீஸ் குவியல் பக்கம் போனார். ஒரு மண்வாரி அள்ளிப் போட்டார். இன்னொன்று அள்ளிப் போட்டார். எடையில்லை, சீட்டில்லை. பேச்சுகூட நிற்கவில்லை, உதவியாளிடம் நடவுக்கூலி பற்றிப் பேசிக்கொண்டேதான் போட்டார்.

"அண்ணா, அது இன்னா?"

"எது?"

"இப்ப ரெண்டு வாரி போட்டீங்களே."

"அதுவா. அது எப்பவும் போடறதுதான் மேடம். சீட்டுல போடறது சீட்டுக்கு, இது அடுப்புக்கு. காய்ச்சல்ல கொஞ்சம் எரிஞ்சி போவும் இல்ல?"

"எத்தினி வருஷமா போடறீங்க?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே."

"என்கிட்ட ஒருநாள்கூடச் சொல்லலியேண்ணா."

"நீ எங்க மேடம் கேட்ட?" என்றார் ஏகாம்பரம். குரலில் குத்தல் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அவரை இன்னொரு தடவை இரண்டு வாரி அள்ளித் தராசில் போடச் சொன்னார் ஷமீமா. பத்து கிலோ இருநூறு கிராம்.

கணினி அறைக்குத் திரும்பி நிரலின் அச்சுப்பிரதியை எடுத்தார். ஒவ்வொரு வரியாகப் படித்து, மேங்கனீஸ் வரியில் நின்றார். மேசையிலிருந்து ஓர் அடிக்கோலை எடுத்து அந்த வரி மீது வைத்தார். எனக்குப் புரியவில்லை. சொல்லித் தந்தார்.

ஃபோர்ட்ரான் பிறந்த காலத்தில் நிரலை அட்டைகளில் துளையிட்டுத்தான் எழுதினார்கள். அட்டைக்கு எண்பது கட்டம். கட்டு கீழே விழுந்து கலைந்தால் மறுபடி அடுக்குவதற்காகக் கடைசி எட்டுக் கட்டங்களில் வரிசை எண் போடுவது வழக்கம். ஆகவே எழுபத்திரண்டாவது கட்டத்துக்கு மேல் இருப்பதை இயந்திரம் படிக்காது. அட்டை ஒழிந்து திரை வந்த பிறகும் அந்த விதி ஒழியவில்லை. நம் கண்ணுக்கு வரி முழுவதும் தெரியும், இயந்திரத்துக்கு எழுபத்திரண்டு எழுத்துதான். இந்த அச்சுப்பொறி அங்குலத்துக்குப் பத்து எழுத்து அடிக்கிறது. எனவே எல்லை ஏழு அங்குலமும் அடுத்த அங்குலத்தின் பத்துக் கோட்டில் இரண்டும். அதற்கு அப்பால் அந்த வரியில் ஒரு கூட்டல் குறியும் ஒரு சிறு பெருக்கலும் இருந்தன. காய்ச்சலில் எரிந்துபோகும் மேங்கனீஸுக்கான ஈடு அதுதான்.

கூட்டல் குறி சரியாக எழுபத்து மூன்றாவது கட்டத்தில் விழுந்திருந்தது. ஓர் எழுத்து முன்னால் விழுந்திருந்தால் வரி அரைகுறையாக நிற்கிறது என்று இயந்திரம் அன்றைக்கே முரண்டு பிடித்திருக்கும். இப்போது எந்தச் சத்தமும் போடாமல் விட்டுவிட்டது. பிரகாஷின் ஆட்கள் தாளைப் பார்த்துப் பெயர்த்தவர்கள், வரி முழுவதையும் பெயர்த்துவிட்டார்கள். அவர்கள் கணக்கில் ஈடு இருக்கிறது, ஏகாம்பரத்தின் கையிலும் ஈடு இருக்கிறது. அதுதான் 14.6.

"யார் எழுதிய வரி?" என்று கேட்டேன்.

"என்னுது" என்றார் ஷமீமா. "சேந்த வருஷம். கணக்குல எரியற பங்கு இல்லியே, சேத்துடும்மான்னு அப்ப இருந்த ஆபீசர் சொன்னாரு. இருந்த வரிக் கடைசியில சேத்தேன். எண்ணிப் பாக்கல. அன்னிக்கு உருக்கு 13 வந்துச்சு. நான் சேத்ததாலதான் வந்துச்சுன்னு சந்தோஷப்பட்டேன்."

அடிக்கோலை அவர் எடுக்கவில்லை. நான் செய்தி அறையில் வளர்ந்தவன், கேட்கக் கூடாததைக் கேட்பதே தொழில். இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கே தெரியும். ராகவன் ஏற்கெனவே பழசே இருக்கட்டும் என்றுவிட்டார். பிரகாஷ் நாளை மூட்டை கட்டிவிடுவார். கடிதம் செல்லாது.

"ஏகாம்பரம்ணா ஒரு வாரம் நடவுக்கு லீவு போட்டா இன்னா ஆகும்? வேற ஆளு சீட்டுல இருக்கறதை மட்டும் போடுவான். பதினொண்ணரைதான் வரும். பலகை போயி எவனோ ஒருத்தன் கல் குவாரியில தேயும். இது தெரிஞ்சப்புறம் நான் எப்படி சார் இங்க உக்காந்துக்கினு இருக்கறது?"

என்னிடம் அவர் பெரும்பாலும் அலுவலகத் தமிழ்தான் பேசிவந்தார். ஊர்ப் பேச்சு வந்தது அந்த ஓர் இடத்தில்.

மேலாளர் அறையில் பிரகாஷும் இருந்தார். ஷமீமா அச்சுப்பிரதியை விரித்து, கோலை வைத்து, எனக்குச் சொன்னதையே சொன்னார். அழவில்லை, சுற்றி வளைக்கவில்லை. ராகவன் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பதினோரு வருஷமா தப்பா?"

"ஆமா சார்."

"ஒரு பலகைகூடத் திரும்பி வரலியேம்மா."

"அது ஏகாம்பரம்ணா கையால சார். என் கணக்கால இல்ல."

பிரகாஷ் எழுந்து வந்து கோல் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். வென்றவர் அவர்தான், ஆனால் அந்த விதி அவருடைய ஆட்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அது அவருக்கு உறைத்திருந்தது. தன் குறிப்பேட்டில் எழுபத்திரண்டு என்று எழுதி வட்டம் போட்டதைப் பார்த்தேன். மறுநாள், திருத்திய பழைய நிரலையும் புதிய நிரலையும் வைத்து, மண்வாரி இல்லாமல் ஓர் உருக்கு என்று முடிவாயிற்று.

மூன்றாம் நாள் ரயிலிலேயே வந்தேன். இப்போது பேசின் பிரிட்ஜில் எந்தப் பெட்டியில் இடம் கிடைக்கும் என்று தெரிந்திருந்தது. ஆலையில் மின்சாரம் இல்லை. அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. எங்கள் ஊரில் மின்சாரம் ஒரு நிமிடம் நின்றால் அமைச்சர் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே எல்லாரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்கள். ஷமீமா கொண்டுவந்த இறால் வறுவலில் எனக்கும் பங்கு கிடைத்தது. பழவேற்காட்டு ஏரி இறால். காரம் கண்ணில் நீர் வரவைத்தது. நான் நிறுத்தவில்லை.

மின்சாரம் வந்தது. இரண்டு நிரல்களும் ஒரே எண்ணை அச்சடித்தன: 58. ஷமீமா நீண்ட வரியை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோயிருந்தார்.

சிக்கல் மேடை மீது இருந்தது. வாரி போட வேண்டாம் என்றதும் ஏகாம்பரம் மண்வாரியைக் கீழே வைக்கவில்லை, ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இம்மா வருஷம் என் கை ஓட்டுச்சு. இப்ப பேப்பர் ஓட்டப் போவுதா? தப்பாச்சுன்னா ஏகாம்பரம் போடல, அதான் தப்புன்னு சொல்லுவீங்க."

"உங்க கை போட்டதைத்தான்ணா பேப்பர்ல ஏத்திக்கிறேன். நேத்து தராசுல பாத்தோம் இல்ல? உங்க ரெண்டு வாரியும் என் கணக்கும் இருநூறு கிராம்தான் வித்தியாசம். தப்பாச்சுன்னா என் பேரைச் சொல்லுங்க. எழுதித் தரட்டுமா?"

"எழுதல்லாம் வேணா" என்றார். வாரி ஊன்றியபடியே இருந்தது. உருக்கு வெளுத்து வந்தபோது அவருடைய வலது கால் குவியல் பக்கம் ஓர் அடி நகர்ந்ததைக் கண்டேன். பழக்கம். நின்றார். வாரியை உதவியாளிடம் கொடுத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

சோதனை அறையில் நாங்கள் ஆறு பேர். வில்லையைத் தேய்த்து வைத்தார்கள். பொறி பறந்தது. தாளில் முதலில் கரி, பிறகு சிலிக்கன், பிறகு மேங்கனீஸ். 13.0.

"அப்ப இனிமே நான் இன்னாத்துக்கு?" என்றார் ஏகாம்பரம். பிரகாஷ் மட்டும் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

ராகவன் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். புதிய நிரல் தேறிவிட்டது என்றார். ஷமீமா தலையசைத்தார். பிறகு, உட்காராமலே சொன்னார்:

"இது ஒரு புரோகிராம் சார். அச்சுக் கலவைக்கு, சூடேத்தறதுக்கு, ஆற வெக்கறதுக்குன்னு இன்னும் பதினாலு இருக்கு. எல்லாத்துலயும் என் கையும் இருக்கு, எனக்கு முன்னாடி இருந்தவங்க கையும் இருக்கு. எது எது கோட்டுக்கு வெளியே விழுந்திருக்குன்னு எனக்கே தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் கீழே யாரு இன்னா சேத்துப் போடறாங்கன்னும் தெரியாது. அது தெரியாம ஒண்ணைக்கூட மாத்தக் கூடாது."

"எத்தனை நாள் ஆகும்?"

"பாத்தாத்தான் சார் தெரியும்."

"சார், மேடம் பாத்து முடிச்சதைத்தான் நாங்க எழுதுவோம்" என்றார் பிரகாஷ், கேட்காமலே.

ராகவன் கடிதத்தை வாங்கினார். கிழிக்கவில்லை. தேதியை அடித்துவிட்டு, கடைசி நிரல் பார்த்து முடித்த மறுநாள் முதல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஷமீமா அதைப் படித்துப் பார்த்து, சரி என்றார். தினமும் இரண்டு மணி நேரம் ஏகாம்பரம் தன் அறைக்கு வர வேண்டும் என்று இன்னொன்றும் கேட்டார். அதுவும் கிடைத்தது.

ஆசிரியரின் கேள்விக்கு என்ன எழுதுவது என்று ஷமீமாவிடம் கேட்க நினைத்திருந்தேன். விடைபெறப் போனபோது அவர் அடுத்த நிரலின் தாள்களைத் தரையில் நீளமாக விரித்திருந்தார். தலையை நிமிர்த்தி, ரயிலுக்கு நேரமாகிவிட்டதே என்றார். ஏகாம்பரம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கண்ணா. அச்சு மண்ணுக்குச் சீட்டுல தண்ணி இருபது லிட்டர் போட்டிருக்கு. நீங்க எவ்ளோ ஊத்தறீங்க?"

ஏகாம்பரம் மேலாளர் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தார்.